புல்வெட்டும் இயந்திரமும் ஒரு வீட்டுச் சொல்லும்

என் வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் இருக்க வேண்டிய நீளத்தில் இல்லை. இரண்டின் நுனியிலும் நகம் கிடையாது. பம்பாய் மாட்டுங்காவில் இதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. நாற்பதுகளில் ஊர் கலவரப்பட்டிருந்த சமயத்தில் தாராவி முஸ்லிம் ஒருவர் என் கையை வெட்டினார் என்பது அக்கதை. அது பொய். அதைச் சொல்லிவந்தவர்களில் பட்டம் பெற்றவர்களும் உண்டு. என் பெயரோடு ஒரு பொய் ஒட்டிக்கொண்டு திரிவதை நான் விரும்பவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அப்போது எங்கள் பகுதிக் கிரிக்கெட் சங்கத்துக்கு நான் கௌரவக் காரியதரிசி. உத்தியோகம் ஓர் அரசு அலுவலகத்தில். சென்னையில் கல்லூரியில் பௌதிகம் படித்தவன் என்பதால், சங்கத்தில் திருகாணி வைத்த எந்தப் பொருளும் என் பொறுப்புக்கு வந்து சேரும். அப்படித்தான் அந்த இயந்திரமும் வந்தது. செம்பூர்ப் பக்கம் பெரிய பங்களாவில் இருந்த ஓர் ஆங்கிலேயர் சீமைக்குத் திரும்பும்போது தம் தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரத்தைச் சங்கத்துக்குத் தந்துவிட்டுப் போனார். அதுவரை எங்கள் மைதானத்தில் ஒரு காளைதான் புல்வெட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. குளம்பு பதிந்து புல்தரை குழியாகாமல் இருக்க, காளையின் நான்கு கால்களுக்கும் தோல் உறை மாட்டுவோம். புதிய இயந்திரத்துக்குப் பெட்ரோல் எஞ்சின். பின்னால் தரையை அழுத்திச் செல்லும் பாரச் சக்கரத்தின் மேல் ஓர் இரும்பு இருக்கை. அதில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டிப் போவார். முதல் நாள் அதைப் பார்க்க, அலுவலகம் போகிறவர்கள் ரயிலைத் தவறவிட்டு வேலியோரம் நின்றார்கள்.

வெட்டும் பகுதி இயந்திரத்தின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அதன் அமைப்பு எளியது. கீழே அசையாத நீண்ட இரும்புத் தகடு ஒன்று. அதற்கு மேல், முறுக்கிய அலகுகளைக் கொண்ட ஓர் உருளை. உருளை சுழலும்போது அதன் அலகுகள் கீழ்த்தகட்டை உரசியும் உரசாமலும் கடந்து செல்ல வேண்டும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போன்ற உறவு அது. இடைவெளி அதிகமானால் புல் அறுபடாது, மெல்லப்படும். மறுநாள் மைதானம் முழுவதும் நுனி பழுத்துக் கிடக்கும். இடைவெளி போதாவிட்டால் இரும்பு சூடேறித் தேயும். இரண்டு பக்கமும் உள்ள மறையாணிகளைத் திருகித் திருகி இந்தத் தொடுகையைச் சரிசெய்வதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. சரியா என்று பார்க்க, ஒரு துண்டுக் காகிதத்தைக் கீழ்த்தகட்டின் மேல் நீட்டி, உருளையைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். தகட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காகிதம் ஒரே சீராக அறுபட்டால் வேலை முடிந்தது என்று பொருள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மைதானத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட அனுமதித்தோம். பந்தல்காரர்கள் பிடுங்காமல் விட்டுப்போன ஓர் இரும்பு முளை, மழை நின்ற பின் நடந்த முதல் வெட்டில் உருளைக்குள் சிக்கியது. இரண்டு அலகுகளில் பல் விழுந்தது. கீழ்த்தகடு வளைந்தது. உருளையை ஓடவும் நிற்கவும் வைக்கும் கைப்பிடி முறிந்தது. யுத்தம் முடிந்திருந்தாலும் சீமையிலிருந்து உதிரிபாகம் எதுவும் வந்தபாடில்லை. ஆகவே ஒரு பட்டறைக்காரரைத் தேட வேண்டியதாயிற்று.

தாராவியில் தோல் பதனிடும் கூடங்களின் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் முதலாளி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். என்னைவிடச் சில வயது மூத்தவர். பருத்த உடம்பு, உரத்த குரல், எதிலும் ஒரு கேலி. எங்கள் பாலக்காட்டு வழக்கப்படி நான் அவரை ராவுத்தர் என்று அழைத்தேன்.

"நான் ராவுத்தர் இல்லய்யா. லெப்பை. ராவுத்தர்னா குதிரை வேணும்லா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலயே கழுதகூடக் கிடையாது" என்றார்.

பிறகு மைதானத்துக்கு வந்து இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கீழே நின்ற என்னைப் பார்த்து, "இப்பம் கூப்பிடுங்க ராவுத்தர்னு. குதிரை வந்துட்டுல்லா!" என்றார். அதன் பின் அவர் ராவுத்தர்தான்.

கீழ்த்தகட்டைக் கழற்றி அவர் பட்டறைக்கு எடுத்துப் போய், நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தி, சாணைக்கல்லில் ஏற்றினோம். அலகுகளில் விழுந்த பற்களை அவர் அரத்தால் ராவினார். எவ்வளவு ராவலாம், எந்தச் சாய்மானத்தில் ராவலாம் என்பதை இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்து நான் சொன்னேன். அவருக்கு இரும்பு தெரியும், எனக்கு இயந்திரம் தெரியும். எங்களுக்குள் இதில் தகராறு வந்ததில்லை. முறிந்த கைப்பிடிக்குப் பதிலாக, பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி இருக்கைக்கு அருகில் காலால் அழுத்தும்படி ஒன்றைப் பொருத்தினார். அழுத்தினால் உருளை சுழலும், காலை எடுத்தால் நிற்கும்.

"மிதி வச்சாச்சுய்யா" என்றார்.

"அதைப் பெடல் என்று சொல்வது வழக்கம்."

"காலை வக்கிறதுக்கு இங்கிலீசு எதுக்குய்யா? மிதிக்கேன், அதுனால மிதி."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நல்ல தமிழ். மாட்டுங்காவில் இருந்த ஒரு தமிழ்ச் சபைக்கும் நான் துணைத் தலைவராக இருந்தேன். பாலக்காட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பங்கள் மலையாளம் கலந்த வீட்டுப் பேச்சைச் சபையில் பேசலாகாது என்பது என் கொள்கை. சோறு பரிமாறும்போது எங்கள் வீடுகளில் 'போதும்' என்று யாரும் சொல்வதில்லை. 'மதி' என்போம். நானும் வீட்டில் அப்படித்தான். வாசற்படியைத் தாண்டினால் அச்சில் வரும் தமிழ்தான் பேசுவேன். சில மாதங்களுக்கு முன் சபையில் எங்கள் சங்க உறுப்பினரான ஒரு வக்கீல், 'நான் பறைஞ்சது என்னன்னா' என்று ஆரம்பித்தார். பறைதல் முரசுக்கு உரியது, சபையில் பேசுவதே முறை என்று நான் திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

விபத்து நேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெயில் குழைத்த, சாணைக்கு உதவும் குருந்தக்கல் பொடியை அலகுகளில் தடவி, உருளையைப் பின்னோக்கிச் சுழற்றித் தேய்த்துத் துடைத்திருந்தோம். உருளையை எஞ்சினால் ஓட்டிச் சத்தம் கேட்டுப் பார்ப்பதும், பிறகு காகிதம் வைத்துப் பார்ப்பதும்தான் மீதி. எஞ்சினை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஆகவே அது மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும், உருளை மட்டும் மிதியின் வசம் இருக்கட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அவர் இருக்கையில் இருந்தார். நான் முன்னால் குந்தியிருந்தேன். அவர் மிதித்தார். உருளை சுழன்றது. எங்கும் இடறாத, ஒரே சீரான சத்தம். அவர் காதுக்கும் அது சரியாகப் பட்டதால் தாமாகவே காலை எடுத்தார். உருளை நின்றது. அதே சமயம் நான், அவ்வளவு போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்த சொல் 'மதி'. இருமுறை சொன்னேன். சொல்லிக்கொண்டே காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்தேன். உருளை மறுபடி சுழன்றது.

வலியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. யாரோ கையை இழுத்தது போலிருந்தது. காகிதம் நன்றாக அறுபட்டிருந்தது. அதைக் கவனித்தேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து வந்து, தோளில் கிடந்த துண்டால் என் கையைச் சுற்றி இறுகப் பிடித்தார்.

"மிதின்னியளேய்யா! மிதி மிதின்னு ரெண்டு மட்டம் சொன்னியளே! காலை எடுத்துட்டேன்... நீங்கதான மிதின்னிய!"

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நான் 'மதி' என்றேன். எஞ்சின் சத்தத்தில், மிதியின் மேல் காலை வைத்திருக்கும் மனிதர் வேறு எதைக் கேட்பார்? அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுத் துண்டை இடக்கையால் பற்றிக்கொண்டேன். அவர் வாடகை வண்டி பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

சங்கத் தலைவரும் வக்கீலும் என் கட்டிலருகே வந்து நின்றபோது மாலை ஆகியிருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர், பெரியவர், அதிகம் பேசமாட்டார். இந்து முஸ்லிம் கலவரத்தால் ஊரில் அடிக்கடி ஊரடங்கு போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. செய்தி எங்கள் தெருக்களைச் சுற்றிவரும்போதே உருமாறிவிட்டதாகத் தெரிந்தது.

"ஓய், இதைச் சும்மா விடப்படாது கேட்டேரா" என்றார் வக்கீல். "வேணும்னே செஞ்சிருக்கான். வாசல்ல வந்து நின்னுண்டிருந்தான். உள்ளே விடப்படாதுன்னு சொல்லியாச்சு. நாளைக்கே போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்துடலாம்."

"நாளைக்கு வேண்டாம். கமிட்டி கூடட்டும். இவர் வாயால கேட்டுண்டு தீர்மானிக்கலாம்" என்றார் தலைவர்.

ராவுத்தரின் நிலை எனக்குத் தெரியும். புகார் எழுதப்பட்டால் அந்த வருஷத்துப் பம்பாயில் அது வெறும் விரல் வெட்டாக நின்றிருக்காது. அவர் சிறைக்குப் போயிருக்கலாம். அவர் பட்டறைக்கு யாராவது தீ வைத்திருக்கலாம். இதையெல்லாம் படுத்தபடி, ஒரு கணக்கின் படிகளைப் போல, வரிசையாக நினைத்துக்கொண்டேன். பரிதாபமோ பயமோ தோன்றியதாக ஞாபகமில்லை.

வீடு திரும்பியதும் என் மனைவி தயிர்சாதம் பிசைந்து கரண்டியால் ஊட்டினாள். அதற்கு முன் அவள் எனக்கு ஊட்டியதில்லை. "மதியா? இன்னும் இத்திரி போடட்டா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டாள். நான் எதை நினைத்து ஆட்டினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

கமிட்டி சங்கக் கட்டடத்தின் மாடியறையில் கூடியது. ஜன்னலுக்கு வெளியே டிராம் வண்டிகள் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் பாலக்காட்டுக்காரர்கள். ராவுத்தரைக் கீழே காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

வக்கீல்தான் ஆரம்பித்தார். "நீர் காகிதம் வைக்கறச்சே உருளை நின்னாச்சு. நிக்கட்டும்னுதான் நீரும் சொன்னீர். அப்படித்தானே?"

"ஆமாம்."

"என்ன வார்த்தை சொன்னீர்? போதும்னேரா, நிறுத்தும்னேரா?"

கேள்விக்கு உண்மையான விடை ஒன்றுதான். அதைச் சொல்லாவிட்டால் கீழே நின்றவருக்கு வழியில்லை. சொன்னால், சபையில் இருபது பேச்சுகளாக நான் கட்டிவைத்தது அன்றோடு முடியும். 'போதும்' என்று சொல்லிவிடுவதும் சுலபம்தான். யாரும் மறுக்க மாட்டார்கள்.

"மதி என்று சொன்னேன்" என்றேன்.

மூலையில் ஒருவர் இருமலைப் போலச் சிரித்தார்.

"எந்த மதி? நம்மாத்து மதியா?" என்றார் வக்கீல். "நம்ம காரியதரிசி வாயிலேர்ந்தா! சிவ சிவா. சரி, இருக்கட்டும். மதின்னா போறும்னு அர்த்தம். பால் குடிக்கற கொழந்தைக்குக்கூடத் தெரியும். மதின்னு சொல்லியும் மிதிச்சிருக்கான்னா, வேணும்னே மிதிச்சான். இதைவிடச் சாட்சி வேணுமோ?"

பலர் தலையசைத்தார்கள். வக்கீல் வேண்டுமென்றே வாதாடியதாக நான் நினைக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டவர்கள். தமிழ் பேசும் ஒருவருக்கு அது தெரியாமலிருக்கும் என்று அவர்களுக்கு உண்மையாகவே தோன்றவில்லை.

"அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம்" என்றேன்.

ராவுத்தர் மேலே வந்தார். சலவைச் சட்டை, தலையில் தொப்பி. நாற்காலி போடப்பட்டது. அவர் உட்காரவில்லை. என் கைக்கட்டுத் துணியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துவிட்டார்.

தலைவர் கேட்டார்: "மதின்னா உமக்கு என்ன அர்த்தம்?"

ராவுத்தர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். இதில் ஏதோ கண்ணி இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

"மதின்னா... புத்தி. புத்தி கெட்டவனை மதிகெட்டவன்னு சொல்லுவோம்லா. சந்திரனுக்கும் சொல்லுவாவ."

"வேறே?" என்றார் வக்கீல்.

"வேற என்னய்யா? மதினி உண்டு. அண்ணன் பெண்டாட்டி."

இந்த முறை பலர் சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. "ஓய், இலையிலே சாதம் போடறா. வயிறு நெறைஞ்சாச்சு. அப்போ என்ன சொல்வீர்?"

"போதும்பேன். கேக்கலைன்னா கையைக் குறுக்க வப்பேன். அதுக்கும் கேக்கலைன்னா எந்திச்சுருவேன். இதைக் கேக்கவாய்யா மாடிக்குக் கூப்பிட்டிய?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்குச் சொன்ன மாதிரியே ஒரு தரம் சொல்லுங்கோ. அவர் ஜன்னலண்டை நிக்கட்டும்."

ராவுத்தர் ஜன்னலருகே போய் நின்றார். டிராம் ஒன்று இரும்பு கிறீச்சிட வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். கமிட்டி முழுவதும் என்னைப் பார்த்தது. வீட்டில் இலைக்கு முன்னால் சொல்வதைப் போல, அந்தக் குரலிலேயே, இரண்டு தடவை சொன்னேன்.

ராவுத்தர் திரும்பினார். "அதான்யா. அதேதான். மிதி மிதின்னு. இப்பமும் அதான சொல்லுதிய?"

தலைவர் ராவுத்தரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் போதும் என்று பொருள் என்பதை விளக்கினார். ராவுத்தர் கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எனக்கு இது தெரிந்திருந்தது என்பது அவருக்கு விளங்கியிருக்கலாம். விளங்காமலும் இருந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை.

புகார் கொடுப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. இயந்திரத்தின் பராமரிப்பை அவரே தொடர்ந்து செய்ய வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

"செய்யுதேன். ஆனா ஒண்ணு. மெஷின்கிட்ட இனிமே தமிழ் வேண்டாம்" என்றார் ராவுத்தர்.

"பின்னே?"

"பஸ்னு சொல்லுங்க, இந்துஸ்தானில போதும்னு அர்த்தம். பம்பாய்ல நிப்பாட்டணும்னா அதான் பேச்சு. டாங்காக்காரனும் அதான் சொல்லுதான், டாங்காக் குதிரைக்கும் அது வெளங்கும். உங்க ஊரும் வேண்டாம், எங்க ஊரும் வேண்டாம்."

வக்கீல் என்னைப் பார்த்துக்கொண்டே, "தமிழ்ச் சபைக்கு ஆட்சேபம் உண்டோ?" என்றார். ஆட்சேபம் இல்லை என்றேன். அன்றே அவர் எனக்கு மதிவாணர் என்று பெயர் வைத்தார். தெருவில் எதிர்ப்பட்டால், 'மதிவாணர் வரார், வழி விடுங்கோடா' என்பார். நான் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. சபையில் அந்த வருஷம் நான் பேசவில்லை. பேச என்னை யாரும் அழைக்கவும் இல்லை. சொல்லைப் பற்றிய கதை சிரிப்போடு கொஞ்ச நாள் ஓடி ஓய்ந்தது. கையை வெட்டிய கதைதான் நிலைத்தது. அதுதான் கேட்பவர்களுக்குச் சுவையாக இருந்திருக்க வேண்டும்.

பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் மைதானத்தை வெட்ட வேண்டியிருந்தது. ராவுத்தர் விடியற்காலையில் வந்துவிட்டார். கீழ்த்தகட்டைக் கழற்றி வெந்நீரில் கழுவிப் பூட்டியிருந்தார். அதில் என் இரத்தக்கறை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. என் வலக்கை கழுத்திலிருந்து தூக்குக்கட்டில் தொங்கியது. மறையாணிகளை எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்று நான் சொல்ல, அவர் திருகினார். காகிதத்தையும் அவரே வைத்தார், எஞ்சினை அணைத்துவிட்டு. அது கோடியிலிருந்து கோடிவரை அறுபட்டது. பிறகு எஞ்சினைக் கிளப்ப அவர் நெடுநேரம் போராட வேண்டியிருந்தது.

கிளம்பியதும் இருக்கையில் ஏறி, மிதியின் மேல் காலை வைத்து, என்னைப் பார்த்துக் காத்திருந்தார். தலையசைத்தேன். இயந்திரம் எல்லைக்கோட்டை ஒட்டி ஊர்ந்தது. வெட்டுண்ட புல் முன்னால் இருந்த பெட்டிக்குள் பச்சையாகத் தெறித்து விழுந்தது. நான் பக்கத்திலேயே நடந்து போனேன். மைதானத்தின் மறுகோடி வந்ததும் "பஸ்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ ஒரு டாங்காக்காரனுடையதைப் போலக் கேட்டது. அவர் காலை எடுத்தார். உருளை நின்றது.